விரலா, உள்ளங்கையா?

அன்ஸலி துறைமுகம்,
புத்தாண்டு விருந்தாளிகள் ஒழிந்த மறுவாரம்

அன்புள்ள கலூஸ்த்துக்கு,

சஃபர்அலி எழுதுகிறேன். நானும் குல்நெசாவும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆகவே மழை நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறேன். நீ பஸ் ஏறிய நாளிலிருந்து விட்டபாடில்லை. ஷூஷானின் முழங்கால் வலி தெஹ்ரான் வறட்சியில் குறைந்திருக்கிறதா? அனாஹித் அப்பாவை ஒழுங்காகக் கவனிக்கிறாளா, இல்லை உன் வாய்க்குப் பயந்து சமையலறையிலேயே இருக்கிறாளா?

உன் வீட்டுச் சாவி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. குல்நெசா அவ்வப்போது போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வருகிறாள். கொல்லை நாரத்தை பூத்துக் குலுங்குகிறது. "பூவைப் பொறுக்கி ஜாம் போடுறேன், அண்ணி வந்து சர்க்கரை ஜாஸ்தின்னு குறை சொல்லட்டும்" என்கிறாள். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்றுதான் அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அதை மறுத்துப் பேசுவதில்லை.

இனி நம் கேவியர் பட்டறைக் கதை. வசந்தகால மீன் வரத்து தொடங்கிவிட்டது. உன் இடத்தில் யாரையும் போடவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உன் ஸ்டூல் அப்படியே கிடக்கிறது. அதில் யாரோ ஈரத் துண்டைப் போட்டிருந்தார்கள். எடுத்து எறிந்தேன்.

போன வாரம் இரண்டு ஜெர்மன் வியாபாரிகள் வந்தார்கள். விருந்தாளிகளிடம் பேசுவது எப்போதும் உன் பாடு. நான் கையைக் கழுவிக்கொண்டு பின்கதவு வழியாக டீ குடிக்கப் போய்விடுவேன். இந்தத் தடவை இன்ஜினியர் தவக்குலி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார். உனக்கு ஓய்வுக் காகிதத்தை நீட்டிய அதே மனிதர்தான். செம்னான் பாலைவனத்திலிருந்து வந்து நமக்கு மீன் பாடம் எடுக்கிறாரே, அவரேதான். "முப்பது வருஷமா உப்புப் போடுறீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். வேறென்ன செய்ய? அவர்கள் கேட்டதெல்லாம் எல்லோரும் கேட்கிற கேள்விகள். எல்லா மீன் சினையும் கேவியர்தானா என்றார்கள். "கண்ட மீன் சினையைக் கேவியர்னு விக்கிறவன் கழுதையைக் குதிரைன்னு விக்கிறவன்" என்று உன் பதிலையே எடுத்து விட்டேன். மொழிபெயர்ப்பாளப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். யானைமீன் சினை பெரிய மணி, சாம்பல் நிறம், டப்பாவுக்கு நீல மூடி. அதற்கு அடுத்தது மஞ்சள் மூடி, வாதுமை வாசனை அடிக்கும். நீளமூக்கனின் சினை சிறியது, கறுப்பு, சிவப்பு மூடி, ருசி வாயில் சட்டென்று ஏறுவது அதுதான். வெங்காயம் நறுக்கிப் போடாதீர்கள், எலுமிச்சை பிழியாதீர்கள், உலோகக் கரண்டியைக் கிட்டே கொண்டுவராதீர்கள், கொம்புக் கரண்டியோ எலும்புக் கரண்டியோ போதும், ஐஸ் மேல் வைத்து எடுங்கள். எல்லாம் வேலைநேரத்தில் எதிரே உட்கார்ந்து நீ சொல்லி நான் காதால் கேட்டது. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்.

அப்போதுதான் கண்ணாடி போட்ட ஜெர்மன்காரர் ஒரு கேள்வி கேட்டுத் தொலைத்தார். "உங்களுக்கு இதுல எது பிடிக்கும்?"

நான் பொய் சொல்ல மறந்துபோனேன். செதில் இல்லாத மீன் எங்கள் மார்க்கத்தில் விலக்கு. பிடிப்போம், அறுப்போம், உப்புப் போடுவோம், தின்னமாட்டோம். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். உப்பு என் கை, ருசி கலூஸ்த் என்கிற ஆர்மேனியருடைய நாக்கு. நான் ஒரு மணிகூட வாயில் வைத்ததில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஜெர்மன்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப இப்ப ருசி பார்க்கிறது யாரு?" என்றார் கண்ணாடிக்காரர்.

அவர்கள் போனதும் இன்ஜினியர் கதவைச் சாத்தினார். "மானத்தை வாங்கிட்டீங்களே! தீர்ப்பு வந்து அரை வருஷமாச்சு. இந்த மீனுக்கும் வால்கிட்ட செதில் இருக்குன்னு மார்க்கப் பெரியவங்களே பரிசோதிச்சுச் சொல்லிட்டாங்க. அவங்க ஹலால்னு சொன்னதை நீங்க ஹராம்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, அவங்க சொன்னா சரிதான். என் தொண்டைக்குத்தான் இன்னும் சேதி வந்து சேரலை" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கரண்டி சினையை எடுத்து நீட்டினார். வேலையாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயில் வைத்தேன், கலூஸ்த். கடவுள்மேல் ஆணையாக விழுங்கத்தான் நினைத்தேன். ஆனால் சாக்கடைக்குள் துப்பிவிட்டேன். ஒருநாளும் தொழுகை தவறாதவன் இப்போது மார்க்கத் தீர்ப்பை அவமதித்தவன் ஆகிவிட்டேன். முன்னே கட்டளைக்குப் பணிந்து தின்னாமல் இருந்தேன், இப்போது பணிந்து தின்ன வேண்டும் என்றால் இந்தப் பாழும் உடம்பு கேட்கமாட்டேன் என்கிறது. "உப்புப் போடுறவர் ஒருத்தர், ருசி பார்க்கிறவர் ஒருத்தர்னு இனிமே கிடையாது. முடியலைன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்றார் இன்ஜினியர்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உப்பு சரியாக விழுந்தால் அது எப்படி இருக்கும்? நான் கலக்குவேன், நீ ஒரு மணி எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடுவாய். விரலை உயர்த்தினால் இன்னும் கொஞ்சம் உப்பு. உள்ளங்கையைக் காட்டினால் போதும், நிறுத்து. அதற்குமேல் நாம் அதைப்பற்றிப் பேசியதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நீ எதைத் தேடினாய்? நீளமாக எழுது. பேச்சில் காட்டுகிற தாராளத்தைக் காகிதத்திலும் காட்டு.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
உன் எதிர் ஸ்டூல்காரன்
சஃபர்அலி


அன்ஸலி,
நாரத்தைப் பூ உதிர்ந்தபின்

அன்புள்ள கலூஸ்த்,

உன் கடிதம் வந்தது. "கடல் வந்து கதவைத் தட்டணும், உள்ள வந்துடக் கூடாது" என்று எழுதியிருக்கிறாய். மடையா, நான் கவிதையா கேட்டேன்? உப்பு கேட்டேன். இருந்தாலும் அதை நாலைந்து தடவை படித்தேன். குல்நெசாவும் படித்துவிட்டு, "அண்ணன் பாவம், சொல்லத் தெரியாம தவிக்கிறார்" என்றாள்.

இங்கே விஷயம் கெட்டுப்போய்விட்டது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் துப்பிய கதையைக் கேட்டு குல்நெசா ஒரு வழி சொன்னாள். நம் ஊரில் பிறந்த யாருக்கும் வேறு வழி தோன்றாது. "சின்ன வயசிலேருந்து அஷ்பல் தின்னுறீங்க. அதுவும் மீன் சினை, இதுவும் மீன் சினை. அதுல நாக்கைப் பழக்குங்க, இது தானா வரும்" என்றாள். சரியாகத்தான் பட்டது. வெள்ளைமீனுக்குச் செதில் உண்டு, அதன் சினையில் எங்களுக்கு எந்த மனத்தடையும் இல்லை. தினமும் குழைந்த சோறோடு ஒரு துண்டு அஷ்பல் வைத்தாள். கண்ணை மூடி மென்றேன், உப்பை மட்டும் கவனித்தேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. பத்துப் பதினைந்து நாளில் பட்டறையில் ஒரு நீளமூக்கன் மணியை வாயில் வைத்தபோது துப்பவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் விழுங்கிவிட்டேன். இன்ஜினியர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பிறகு இந்தப் பருவத்தின் முதல் யானைமீன் வந்தது. பெரிய கிழவி. படகிலிருந்து இறக்க எல்லோரும் கை கொடுக்க வேண்டியிருந்தது. சினையைச் சல்லடையில் தேய்த்து இறக்கியபோது நீ இருந்திருந்தால் தொப்பியைக் கழற்றியிருப்பாய். உப்பைத் தூவிக் கலக்கினேன். மணிகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட ஆரம்பிக்குமே, அந்த இடம் வந்தது. கை நிறுத்தச் சொன்னது. தலையைத் தூக்கினேன். எதிரே ஸ்டூல்தான் இருந்தது.

சரி, நாமே பார்ப்போம் என்று ஒரு மணி எடுத்து வாயில் வைத்தேன். உப்பே இல்லாத மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டேன், மறுபடி பார்த்தேன், மறுபடி போட்டேன். கைக்கு முப்பது வருஷப் பழக்கம், நாக்குக்கு அஷ்பலோடு இரண்டு வாரப் பழக்கம். இருந்தும் நான் நாக்கின் பேச்சைக் கேட்டேன். இப்போது புரிகிறது. அஷ்பல் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க உப்பில் ஊறுகிற பண்டம். நான் யானைமீனை அஷ்பல் ஆக்கிவிட்டேன்.

நீல மூடி டப்பாக்கள் அத்தனையும் தெஹ்ரானிலிருந்து திரும்பி வந்துவிட்டன. "இதைச் சோற்றில் பிசைந்து சாப்பிடலாம், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது" என்று எழுதியிருந்தார்களாம். குல்நெசாவிடம் சொன்னேன். முக்காட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அஷ்பல் ஜாடியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள்.

இன்ஜினியர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் "வேண்டுமென்றே" என்று ஒரு வார்த்தை இருக்கிறதாம். தீர்ப்பு பிடிக்காததால் பண்டத்தைக் கெடுத்தேன் என்று அர்த்தம் வருகிற மாதிரி. முதலில் அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அவருடைய தம்பி போர்முனையில் இருக்கிறான், கடிதம் வந்து நாளாகிறதாம். "எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க. டாலர் கொண்டுவர்ற பண்டம், போர் நேரம். யாராவது ஒருத்தர் பேரை எழுதியே ஆகணும், சஃபர்அலி. நான் என்ன பண்ணுவேன்?" என்றார். அந்த ஒருவர் நான். உள்ளே தள்ளினாலும் தள்ளுவார்கள். பயமாக இருக்கிறது, கலூஸ்த். உன்னிடம் வீரம் பேசி என்ன பயன்?

தெஹ்ரானிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வருகிறது. அடுத்த யானைமீனுக்கு அவர்கள் கண்ணெதிரே நான் உப்புப் போட வேண்டும். சரியாக வந்தால் முதல் தடவை நடந்தது தவறு, தப்பாக வந்தால் அது குற்றம். இன்ஜினியர் நேற்று என்னைக் குளிர் அறைப் பக்கம் கூட்டிப்போய், "அந்த ஆர்மேனியர் ஒரு நாளைக்கு வருவாரா? தினக்கூலி ஆள்னு பேர் போட்டுக்கலாம்" என்று கிசுகிசுத்தார்.

தினக்கூலியாம். யாரை! எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் கேட்கிறேன், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்: வா. உன் கௌரவத்தை ரஷ்த் பஸ் நிலையத்தில் இறக்கி வைத்துவிட்டு வா, திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு தடவை அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கையைக் காட்டிவிட்டுப் போ.

ஷூஷானுக்கு எங்கள் அன்பு. உன்னைத்தவிர வேறு யாரிடமும் கேட்க வழியில்லாத,
சஃபர்அலி


அன்ஸலி,
செவ்வாய்க்கிழமை

கலூஸ்த்,

என் தந்தி கிடைத்திருக்கும். "வராதே" என்று ஒரு வார்த்தை அனுப்பினால் நீ குழம்புவாய் என்று தெரியும். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

நீ "வருகிறேன்" என்று எழுதியதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் அன்று ஒழுங்காகச் சாப்பிட்டோம். குல்நெசா உனக்காக வெள்ளைமீன் வாங்கிப் புகை போடக் கொடுத்துவிட்டாள். மறுநாள் மருந்துக்கடை போனுக்கு ஷூஷான் கூப்பிட்டாள். குல்நெசா ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் முகமே சரியில்லை. "அவங்களுக்கு நாட்டைவிட்டு வெளியே போக அனுமதி வந்துடுச்சாம். வெள்ளிக்கிழமை விடியக்காலை வியன்னா விமானம். இந்தத் தடவை விட்டா மறுபடி எப்ப கிடைக்கும்னே தெரியாதாம். அண்ணன் யார் சொன்னாலும் கேட்காம அன்ஸலி போறேன்னு பையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்காராம். 'நான் சொல்லிக் கேட்கமாட்டார், சஃபர் அண்ணன் சொன்னாத்தான் கேட்பார்'னு அழுறாங்க" என்றாள்.

என்னிடம் மறைத்துவிட்டாயே. மலைப்பாதையில் மண் சரிந்தால் பஸ் ஒரு நாள் நிற்கும், இரண்டு நாளும் நிற்கும் என்று உனக்குத் தெரியாதா? உன் பேரன் வளரப் போகிற ஊரை என் ஒரு தொட்டிச் சினைக்காக விட்டுவிடப் பார்த்தாயா? உன்னை நேரில் பார்த்தால் அறைந்திருப்பேன், பிறகு கட்டிப்பிடித்திருப்பேன். இரண்டுக்கும் வழியில்லாததால் தந்தி கொடுத்தேன். நீ வந்து நிற்கவில்லை, சொன்னதைக் கேட்டது நல்லது.

நேற்றுக் குழு வந்தது. யானைமீனும் அன்று பார்த்தே வந்தது. சொன்னால் சிரிப்பாய், நானே உள்ளுக்குள் சிரித்தேன்.

நான் உப்பைத் தூவிக் கலக்கினேன். மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். ஒருவர் குறிப்பு எடுத்தார். சத்தம் வந்தது, கை நின்றது. இந்தத் தடவை நாக்கிடம் நான் யோசனை கேட்கவில்லை. தலையை மட்டும் தூக்கினேன், பழக்கம் விடவில்லை. ஸ்டூலைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். "என்ன பார்க்கிறீங்க?" என்றார் குழுத் தலைவர். "ஒண்ணுமில்லீங்க, முடிஞ்சது" என்றேன்.

பிறகு அவர்கள் ருசி பார்க்க வேண்டும். இன்ஜினியர் கரண்டிகளை நீட்டினார். தலைவர் தாடியைத் தடவிக்கொண்டு, "எனக்குக் காலையிலிருந்து வயிறு சரியில்லை, நீங்க பாருங்க" என்று அடுத்தவரிடம் கொடுத்தார். அவர், "பல்வலி, டாக்டர் குளிர்ந்தது எதுவும் கூடாதுன்னார்" என்று மூன்றாமவரிடம் தள்ளினார். கலூஸ்த், அவர்களுடைய தொண்டைகளுக்கும் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை! மூன்றாமவர் மாட்டிக்கொண்டார். ஒரு முழு ரொட்டியைப் பிய்த்து, நடுவில் மூன்று மணி வைத்து, அரை எலுமிச்சையைப் பிழிந்து மூடி விழுங்கிவிட்டு, "உப்பு இருக்கு" என்றார். இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் முதல் தடவையாக ஒரு சிநேகம் மாதிரி ஏதோ வந்துபோனது.

"உப்பு இருக்கு" என்பதை வைத்து யாரும் யாரையும் விடுதலை செய்ய முடியாது அல்லவா? டப்பாக்களை மூடி, ரப்பர் பட்டை போட்டு, முத்திரை வைத்துத் தெஹ்ரானுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். அங்கே யாரோ பார்த்து மாதக் கடைசியில் சொல்வார்களாம். அதுவரை நான் வேலையில் இருக்கிறேன், வீட்டில் இருக்கிறேன். அதற்குப் பிறகு எங்கே இருப்பேன் என்று தெரியாது. குல்நெசா என் கம்பளிச் சட்டையைத் தைத்து வைத்திருக்கிறாள். உள்ளே குளிருமாம்.

அந்தத் தீர்ப்பு வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? எங்கள் ஆட்களைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் நீதான். இனிப்புப் பெட்டியோடு ஓடி வந்து, "இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடலாம்டா, சஃபர்! இத்தனை வருஷம் தனியா தின்னு போரடிச்சுப்போச்சு" என்றாய். "இன்னைக்கு வேணாம், அடுத்த வாரம்" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அவசரம் என்ன, ஆள் எங்கே போய்விடப் போகிறான் என்று நினைத்தேன். அதற்குள், இனி உப்புப் போடுகிறவனே ருசியும் பார்க்கலாம், ஆளைக் குறைக்கிறோம் என்று உன்னை அனுப்பிவிட்டார்கள். உன்னைச் சந்தோஷப்படுத்திய அதே தீர்ப்பு.

இப்போது ஊழியர்களுக்கும் சின்ன டப்பா விற்கிறார்கள். நேற்றைய யானைமீனில் இரண்டு வாங்கினேன், ரசீது இருக்கிறது, பயப்படாதே. ஒன்று எங்கள் வீட்டு ஐஸ் பெட்டியில் இருக்கிறது. இன்னொன்றைப் பஸ் டிரைவர் ஜஹான்கீர் பிளாஸ்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவருகிறான், கூடவே இந்தக் கடிதத்தையும் குல்நெசாவின் நாரத்தைப் பூ ஜாமையும். புதன்கிழமை இரவு உன் கைக்கு வந்துவிடும். உன் கொம்புக் கரண்டி இழுப்பறையில் கிடந்தது, அதையும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை பொழுது சாயும்போது டப்பாவைத் திற. பெட்டி கட்டும் அவசரத்தில் நின்றுகொண்டு தின்னாதே, உட்கார்ந்து தின். முதல் வாய் நீ எடு, மருமகனுக்குப் பிறகு கொடு. அவன் வெங்காயம் கேட்டால் கையில் அடி. அதே நேரத்தில் நானும் இங்கே என்னுடையதைத் திறப்பேன். இன்னும் வாயில் வைக்கவில்லை, உனக்காக வைத்திருக்கிறேன். குல்நெசாவும் தின்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஒரே தட்டு இல்லை. ஒரே மீன். இவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உன்னையும் ஷூஷானையும் அனாஹித்தையும் மருமகனையும் குழந்தையையும் இறைவன் பத்திரமாகக் கொண்டு சேர்க்கட்டும். நாம் இரண்டு பேரும் வேறு வேறு மொழியில் கூப்பிட்டாலும் கேட்பவன் ஒருவன்தான் என்று நீ அடிக்கடி சொல்வாய். இந்தத் தடவை நீயும் கூப்பிடு, நானும் கூப்பிடுகிறேன். உன் வீட்டுச் சாவியை யாரிடமும் கொடுக்கமாட்டேன். என்னை எங்காவது கொண்டுபோனாலும் குல்நெசாவிடம் இருக்கும்.

தெஹ்ரான் என்ன சொல்லும் என்பது மாதக் கடைசியில் தெரியும். அது அவர்களுடைய நாக்கு, எப்படியும் சொல்லட்டும். நீ விமானம் ஏறுவதற்கு முன் ஒரு தந்தி கொடு. காசைச் செலவழிக்காதே, ஒரே வார்த்தை போதும். நான் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், கலூஸ்த். விரலா, உள்ளங்கையா?

உன்
சஃபர்அலி